செம்பின் தடிமன், பீங்கானின் நீளம்

ரயில் அருங்காட்சியகங்களின் பின்பக்கத்தில், பணிமனைகளின் புல் மண்டிய ஓரத் தடங்களில், என்ன வண்டி என்றே தெரியாத சில பெட்டிகள் நிற்கும். பயணிகள் உட்கார இருக்கை இருக்காது. சரக்கு ஏற்றக் கதவும் இருக்காது. உள்ளே ஒரு நீண்ட மேசை, மானிகளைக் கழற்றியெடுத்த வட்ட ஓட்டைகள், எங்கும் போய்ச் சேராத கேபிள் முனைகள். அடியில் எதற்கென்று புரியாத கம்பிச் சட்டங்கள். பெயர்ப்பலகை போய்விட்டது, வரைபடங்கள் எந்த அலுவலகத்தோடு அழிந்தன என்று தெரியாது. விளக்க அட்டையில் ‘மின் சோதனை வண்டி’ என்று எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அங்கே நின்றுவிட வேண்டியதில்லை. எந்த நாட்டில், எந்தப் பட்டறையில் கட்டியிருந்தாலும் கட்டியவர் மின்சாரத்தின் விதிகளுக்குப் பணிந்துதான் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பணிவு இரும்பிலும் செம்பிலும் பீங்கானிலும் பதிந்து நிற்கிறது. காகிதம் தொலைந்தாலும் அதைப் படிக்கலாம்.

முதலில் பீங்கானைப் பாருங்கள். உலர்ந்த காற்றில், சீரான மின்புலத்தில், 1 சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய ஏறத்தாழ 30 ஆயிரம் வோல்ட் வேண்டும். அப்படியானால் 25 ஆயிரம் வோல்ட் மேல்நிலைக் கம்பிக்கு விரற்கடை அகலம் போதுமே என்று தோன்றும். ஆனால் இன்சுலேட்டரின் மேல் புகை படியும், மழை நனைக்கும், கடற்கரையோரமானால் உப்புப் பூக்கும். அந்த ஈரப்படலத்தின் வழியே மின்சாரம் ஊர்ந்து போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் பீங்கானை நீளமாகச் செய்து, குடை குடையாக மடிப்பும் வைக்கிறார்கள். ஆகவே ஒரு வண்டியின் கூரையில் முழங்கை நீளத்துக்கு மடிப்புப் பீங்கான்கள் நின்றால் அந்த வண்டிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டோடு உறவு இருந்திருக்கிறது. மின்னழுத்தம் தன்னை நீளத்தில் எழுதிவைக்கிறது.

மின்னோட்டம் தன்னைத் தடிமனில் எழுதுகிறது. திறந்த காற்றில் இருக்கும் செம்புப் பட்டை, குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஆம்பியர் வரை சூடேறாமல் சுமக்கும் என்பது பஸ்பார் அமைப்பவர்களின் கைக்கணக்கு. 100 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை ஒன்று கிடந்தால் அதில் ஆயிரம், இரண்டாயிரம் ஆம்பியர் ஓடியிருக்கும் என்று தயங்காமல் சொல்லலாம். செம்பு விலை மிகுந்த உலோகம். தேவையில்லாமல் எவரும் தடித்த பட்டை போடமாட்டார்கள்.

மூன்றாவது அடையாளம், சூடு வெளியேறும் வழி. எடுத்துக்கொண்ட மின்திறன் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பிரிட்டனின் எல்எம்எஸ் ரயில்வே தொடங்கி, 1940-களின் இறுதியில் பயனுக்கு வந்த நடமாடும் சோதனை வண்டிகள் இதற்கு நல்ல உதாரணம். நீராவி இன்ஜினின் இழுதிறனை அளக்க வேண்டுமானால் அதன் வேகம் மாறாமல் இருக்க வேண்டும். மேடும் பள்ளமுமான தடத்தில் அது எளிதில் நடக்காது. அதனால் இன்ஜினுக்குப் பின்னால் இழுவை மோட்டார்கள் பூட்டிய வண்டிகளைக் கோத்தார்கள். அந்த மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக வேலைசெய்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அவை உண்டாக்கிய மின்சாரத்தை மின்தடைகளில் எரித்து, விசிறிகளால் சூட்டை வெளியே தள்ளினார்கள். இன்று அப்படியொரு வண்டியைப் பார்ப்பவருக்கு மோட்டார் தெரியும், மோட்டாருக்கு மின்சாரம் வரும் வழி தெரியாது. காற்றுத் திறப்புகள்தான் விடை சொல்லும்: சக்தி இங்கே உள்ளே வரவில்லை, வெளியே போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறான புதிர், மோட்டாரே இல்லாத வண்டியின் தலையில், மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப். பிரிட்டிஷ் ரயில்வே 1973-ல் ஒரு பயணிப் பெட்டியை மாற்றியமைத்து உருவாக்கிய ‘மென்டார்’ அப்படிப்பட்டது. அந்தப் பான்டோகிராஃப் வண்டியை ஓட்டுவதற்காக இருந்ததல்ல; மேல்கம்பியைத் தொட்டு, அது எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, எவ்வளவு பக்கவாட்டில் விலகுகிறது என்று அளப்பதற்காக இருந்தது. கூரையில் கண்ணாடிக் கூண்டு ஒன்றும் உண்டு. அதில் தலையை நீட்டி ஒருவர் கம்பியையே பார்த்துக்கொண்டு வர முடியும். பான்டோகிராஃபும் கண்ணாடிக் கூண்டும் ஒரே கூரையில் இருந்தால், பெயர்ப்பலகை தேவையே இல்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெட்டிக்கு அடியில் ஜெனரேட்டர் தொங்குகிறது என்பதாலேயே அது சோதனை வண்டி ஆகிவிடாது. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டிகளில் எத்தனையோ ஆயிரம், அச்சிலிருந்து ரப்பர் பெல்ட் வழியாகச் சுழலும் ஆல்டர்னேட்டரோடுதான் ஓடின. விளக்குக்கும் விசிறிக்கும் 110 வோல்ட் தருவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதே போல, மின்மாற்றியையும் மின்திருத்தியையும் சுமந்து நிற்கும் வேகன் ஒன்றைப் பார்த்ததும் ஆய்வுக்கூடம் என்று எண்ணத் தோன்றும். பல நாடுகளில் அது வெறும் நடமாடும் துணைமின்நிலையம். மின்சாரம் கொடுக்க வந்த வண்டியா, அளக்க வந்த வண்டியா என்று பிரிப்பதற்கு நான் நம்புவது காகிதச் சுருளைத்தான். சுருள் பொருத்திய மேசையும் பேனா தாங்கிகளும் இருந்த தடம் கிடைத்தால், அளக்க வந்த வண்டி. அந்தச் சுருளை நகர்த்தியது எது என்றும் தேடுங்கள். தடத்தின் ஒவ்வோர் அடியும் காகிதத்தில் தனக்குரிய இடத்தில் விழ வேண்டும் என்பதால், இத்தகைய வண்டிகளில் பொதுவாகக் காகிதத்தைச் சக்கரத்தோடு இணைத்திருப்பார்கள். 1938 ஜூலை 3-ந் தேதி ‘மல்லார்ட்’ இன்ஜின் மணிக்கு 126 மைல் வேகம் தொட்டதைப் பதிவுசெய்த டைனமோமீட்டர் வண்டி, 1906-ல் கட்டியது. அதற்கு வண்டியைத் தாங்கும் சக்கரங்கள் போக, தூரத்தை அளப்பதற்கென்றே தனியாக ஒரு சக்கரம் உண்டு.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் ஒருசேரக் குழப்பும் வண்டி ஒன்று இருக்கிறது. எனக்கு ரயில் சோதனை வண்டிகளிலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

அமெரிக்காவில் மஞ்சள் வண்ணம் பூசிய அந்தப் பெட்டிகளில் சிலவற்றை இன்றும் காணலாம். கூரையில் பீங்கான் இல்லை, பான்டோகிராஃப் இல்லை. ஆனால் உள்ளே இரண்டு விதமான ஜெனரேட்டர்கள். ஒன்று, வண்டியை ஓட்டும் இழுவை மோட்டார்களுக்கு மின்சாரம் தருவது. இவற்றில் பல முன்பு பெட்ரோல் இன்ஜினால் மின்சாரம் உண்டாக்கி ஓடிய பயணி வண்டிகள் என்பதால் அது அங்கே இருப்பதில் வியப்பில்லை. மற்றது விசித்திரமானது. அதன் உடலைவிட கம்யூட்டேட்டர் பெரிதாகத் தெரிகிறது. கார்பன் பிரஷ்கள் வரிசை வரிசையாக அதைச் சூழ்ந்திருக்கின்றன. அதிலிருந்து புறப்படும் செம்பு மிகத் தடிமன். ஆனால் அதைத் தாங்கும் காப்புகளோ மெல்லியவை, சிறியவை. செம்பு ‘ஆயிரக்கணக்கான ஆம்பியர்’ என்கிறது. காப்பு ‘சில வோல்ட்தான்’ என்கிறது. மின்முலாம் பூசும் தொழிற்சாலையில்தான் இப்படிப்பட்ட ஜெனரேட்டரைப் பார்க்க முடியும். ஓடும் ரயிலில் யார் முலாம் பூசப் போகிறார்கள்?

செம்பைப் பின்தொடர்ந்து கீழே இறங்கினால் விடை கிடைக்கும். அது பெட்டியின் தரையைத் துளைத்து, சக்கரங்களுக்கு நடுவே ஏற்றியிறக்கக்கூடிய ஒரு சட்டத்துக்குப் போகிறது. சட்டத்தில் உலோகத் தூரிகைகள். வண்டி ஓடும்போது அவை தண்டவாளத்தின் தலையில் அழுந்தித் தேய்ந்துகொண்டே போகும். முன் தூரிகையில் நுழையும் மின்னோட்டம் தண்டவாளத்துக்குள் இறங்கி, பின் தூரிகை வழியாக ஏறித் திரும்புகிறது. சோதிக்கப்படுவது வண்டியல்ல, இன்ஜினுமல்ல. காலடியில் கிடக்கும் இரும்பு.

ஏன் இரும்பைச் சோதிக்க வேண்டியிருந்தது? 1911 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டர் என்ற ஊரருகே, லீஹை வேலி ரயில்வேயின் பயணி ரயில் ஒன்று பாலத்தில் ஏறும்போது தண்டவாளம் உடைந்தது. பெட்டிகள் பாலத்திலிருந்து கவிழ்ந்தன. 29 பேர் இறந்தார்கள். ராச்செஸ்டர் நகரில் நடந்த உள்நாட்டுப் போர் வீரர்களின் மாநாட்டிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த முதியவர்களும் அந்த ரயிலில் இருந்தார்கள். உடைந்த துண்டுகளை ஜேம்ஸ் ஹோவர்ட் என்ற பொறியாளர் ஆராய்ந்தார். தண்டவாளத்தின் தலைக்குள், மேற்பரப்பை எட்டாமல், குறுக்குவாட்டில் ஒரு நீள்வட்ட வெடிப்பு வளர்ந்திருந்தது. அதன் நடுவே சிறு கரு. சுற்றிலும் வழவழப்பான பளபளக்கும் பரப்பு. காற்றே படாததால் அதில் துருவின் நிறம்கூட இல்லை.

குறுக்கு வெடிப்பின் கொடுமை இதுதான். தண்டவாளத்தை நடந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும்போது மயிரிழை மயிரிழையாக வளரும். ஒருநாள் மிச்சமிருக்கும் இரும்பு தாங்காமல் போகும். பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையே அடிபட்டுப் போன நிலையில், ரயில்வேக்கள் உள்ளே ஊடுருவும் வழி ஒன்றைத் தேடின.

அந்த வேலையை 1920-களில் கையிலெடுத்தவர் எல்மர் ஸ்பெரி. கப்பல்களுக்குச் சுழல் திசைகாட்டி செய்து புகழ் பெற்றவர். வெடிப்பு இருக்கும் இடத்தில் மின்சாரம் தடைபட வேண்டும், ஆகவே அங்கே மின்னழுத்த வீழ்ச்சி கூட வேண்டும் என்பது அவருடைய தொடக்கக் கருத்து. கணக்காகப் பார்த்தால் இதிலுள்ள சிரமம் தெரியும். மீட்டருக்கு 50 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 6,400 சதுர மில்லிமீட்டர். எஃகின் மின்தடையோடு சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு வரும் தடை 1 ஓமில் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. அதில் 2,000 ஆம்பியரைச் செலுத்தினாலும் மீட்டருக்கு 0.06 வோல்ட்தான் விழும். அவ்வளவு சிறிய அழுத்தத்துக்குள் வெடிப்பால் வரும் மிகச் சிறிய மாற்றத்தைப் பிடிக்க வேண்டும். அந்தத் தடித்த செம்பும் மெல்லிய காப்பும் எதற்கென்று இப்போது விளங்கும்: ஆயிரக்கணக்கில் ஆம்பியர் செலுத்தினால்தான் தண்டவாளத்திடமிருந்து அளக்கத்தக்க பதில் கிடைக்கும், செலுத்தும் வழியில் பெரும்பாலான வோல்ட்டைத் தின்பது தூரிகையும் தண்டவாளமும் தொடும் இடம்.

அந்தத் தொடும் இடம்தான் முதல் முறையைத் தோற்கடித்தது. அழுத்த வீழ்ச்சியை அளக்க வேண்டுமானால் அளவுமுனையும் தண்டவாளத்தைத் தொட வேண்டும். துருவும் எண்ணெயும் கரியும் படிந்த பரப்பில் ஓடும் முனை எப்போதும் ஒரே மாதிரி தொடுவதில்லை. வெடிப்பினால் வந்த அசைவா, அழுக்கினால் வந்த அசைவா என்று பேனாவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஸ்பெரி நிறுவனத்தின் ஹார்கோர்ட் டிரேக் இந்த முட்டுக்கட்டையை அழகாகத் தாண்டினார்: மின்சாரத்தைச் செலுத்தத்தான் தொடுகை வேண்டும், கேட்பதற்குத் தொடுகை வேண்டாம்.

மின்னோட்டம் இருக்குமிடத்தில் காந்தப்புலம் இருக்கும். பழுதில்லாத தண்டவாளத்தில் மின்னோட்டம் நேராக ஓடும். அதைச் சுற்றிய காந்தப்புலமும் ஒரே சீராக இருக்கும். தலைக்குள் வெடிப்பு குறுக்கே நின்றால், வாய்க்காலில் கிடக்கும் கல்லைச் சுற்றி நீர் ஒதுங்கி ஓடுவதுபோல, மின்னோட்டம் வளைந்து ஒதுங்கிப் போகிறது. அதோடு காந்தப்புலமும் அந்த இடத்தில் மட்டும் கோணுகிறது. தூரிகைகளுக்கு நடுவே, தண்டவாளத்தைத் தொடாமல் சற்று மேலே கம்பிச்சுருள்களை நகர்த்திக்கொண்டு போனால், அந்தக் கோணலைத் தாண்டும் கணத்தில் சுருளில் ஒரு துடிப்பு பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்ட தூண்டல் விதிதான் அது.

ஒரு சுருள் மட்டும் வைத்தால் போதாது. வண்டி குலுங்குவதால், ஜெனரேட்டரின் மின்னோட்டம் ஏறி இறங்குவதால், புலம் மொத்தமாகவும் மாறிக்கொண்டிருக்கும். அதனால் அருகருகே இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் வரும் மாற்றங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெடிப்பின் கோணல் மிகச் சிறிய இடத்தில் மட்டும் இருப்பதால், அது ஒரு சுருளை முதலிலும் மற்றதைப் பிறகும் தாக்கும். அந்த வித்தியாசம் மட்டும் மிஞ்சும். வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் அதை வளர்த்துப் பேனாவை அசைத்தன. அதே நேரத்தில் பெட்டிக்கு அடியில் இருந்த ஒரு குழல் தண்டவாளத்தின் மேல் பெயிண்ட்டைப் பீய்ச்சி அந்த இடத்தைக் குறித்தது. பழைய பெட்டியின் கீழே படுத்துப் பார்க்கிறவர்கள் மறக்காமல் தேட வேண்டியது இந்தக் குழலை. தூரிகைச் சட்டமும் சுருள் தாங்கியும் கழன்று போயிருக்கலாம். தண்டவாளத்தை நோக்கிய ஒரு குழாயும் அதைச் சுற்றிப் பல அடுக்காக உறைந்த பெயிண்ட்டும் அவ்வளவு எளிதில் போவதில்லை.

1928-ல் ஸ்பெரி ரயில் சர்வீஸ் தன் முதல் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1930-ல், எல்மர் ஸ்பெரி காலமானார். வண்டிகளை விற்காமல், ரயில்வேக்களின் தடங்களில் தானே ஓட்டிச் சோதித்துக் கொடுத்தது அந்த நிறுவனம். குழுவினர் வண்டிக்குள்ளேயே சமைத்து, தூங்கி, ஊர் ஊராகப் போனார்கள். அளவுமேசைக்குப் பக்கத்து அறையில் படுக்கையும் சமையலறையும் இருப்பதைப் பார்த்து, இது யாரோ அதிகாரியின் ஆய்வுப் பெட்டி என்று தவறாக எண்ணிவிட இடமுண்டு.

பேனா அசைந்தால் எல்லாம் வெடிப்பு என்று பொருளில்லை. இன்ஜினின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றால் தண்டவாளத்தின் மேல்பரப்பு வெந்து குழிந்துபோகும். அதுவும் பேனாவை அசைக்கும். மேசையில் இருப்பவர் கோட்டின் வடிவத்தைப் பார்த்தே பலவற்றைத் தள்ளிவிடுவார். ஐயம் வந்தால் வண்டியை நிறுத்துவார்கள். ஒருவர் கைக்கருவியோடு இறங்கிப் பெயிண்ட் குறியிட்ட இடத்தை அங்குலம் அங்குலமாகச் சோதிப்பார். நின்ற இடத்தில், துடைத்துச் சுத்தம் செய்த பரப்பில், பழைய அழுத்த வீழ்ச்சி முறை நன்றாகவே வேலைசெய்தது. ஓட்டத்தில் தோற்ற முறைக்குக் கையில் வேலை கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம்.

தீராத குறை ஒன்றும் இருந்தது. அக்கால அமெரிக்கத் தண்டவாளங்கள் 39 அடி நீளம். அடுத்தடுத்த இரண்டைச் சேர்ப்பது ஃபிஷ் பிளேட்டும் போல்ட்டும். அந்த மூட்டுகளில் மின்னோட்டம் தன்பாட்டுக்குத் தாவிக் குதித்து ஓடும். அங்கே சுருள் சொல்வதை நம்ப முடியாது. போல்ட் துளைகளிலிருந்து கிளம்பும் வெடிப்புகளோ அங்கேதான் அதிகம். இந்தக் குருட்டு இடங்களுக்காகத்தான் கேளா ஒலி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது முதலில் கைக்கருவியாகவும், பிறகு வண்டிகளிலும் இடம்பிடித்தது. ஆகவே அடிச்சட்டத்தில் திரவம் நிரப்பிய மென்மையான சக்கரங்களும் உள்ளே தண்ணீர்த் தொட்டியும் இருந்தால், அந்தப் பெட்டி பிற்காலத்தது, அல்லது பிற்காலத்தில் திருத்தப்பட்டது. ஒலியலை காற்றிடைவெளியைத் தாண்டி எஃகுக்குள் போகாது. நடுவில் தண்ணீர் வேண்டும். நம் நாட்டுத் தடங்களில் இருவர் தள்ளிக்கொண்டு போகும் சோதனைத் தள்ளுவண்டியில் தண்ணீர்க் குடுவை இருப்பதும் இதற்காகத்தான். அதில் நேர்கீழாக ஒலி செலுத்தும் முனையோடு 70 டிகிரி சாய்ந்த முனைகளும் உண்டு. தலைக்குள் குறுக்கே நிற்கும் வெடிப்பைத் தேடுவது அந்தச் சாய்ந்த முனைகள்.

வெடிப்பின் கரு எங்கிருந்து வந்தது என்பது 1930-களில்தான் தெளிந்தது. உருகிய எஃகு, ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உள்வாங்கிக்கொள்கிறது. எஃகு இறுகிக் குளிரும்போது அவ்வளவு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்க அதனால் முடிவதில்லை. உருட்டி முடித்த தண்டவாளத்தைத் திறந்த வெளியில் வேகமாக ஆறவிட்டால், வெளியேற நேரம் கிடைக்காத வாயு உள்ளேயே சேர்ந்து நுண்வெடிப்புகளை உண்டாக்குகிறது. கனடாவின் மேக்கி என்பவரும், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் மூர் குழுவினரும் செய்த வேலைகளின் பயனாக, சூடான தண்டவாளங்களை மூடிய பெட்டிகளில் அடுக்கி மெதுவாக ஆறவைக்கும் முறை பரவியது. ஹைட்ரஜன் வெளியேறியது, கருவே உண்டாகாமல் போனது.

அதற்குமுன் உருட்டிய தண்டவாளங்கள் பல பத்தாண்டுகள் தடத்தில் கிடந்ததால் மஞ்சள் வண்டிகளின் வேலை குறையவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று தடத்திலேயே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. அமெரிக்கத் தண்டவாளத்தின் பக்கவாட்டில், எடையையும் ஆலையையும் ஆண்டையும் சொல்லும் புடைப்பு எழுத்துகளுக்கு நடுவே ‘சிசி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது மெதுவாக ஆறவைத்தது; ‘விடி’ என்றிருந்தால், உருகிய நிலையிலேயே வெற்றிடத்தில் வாயு நீக்கிய, பிந்தைய எஃகு. இப்படிப்பட்ட பெட்டி ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்கள் பெட்டியைப் பார்த்து முடித்ததும், அது நிற்கும் தண்டவாளத்தின் பக்கவாட்டையும் கொஞ்சம் துடைத்துப் படிக்கலாம்.